நாற்பத்து மூன்று நிமிடம்

விமானிகள் இருவரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஐயா. ஒருவருக்குக் கோழி என்றால் மற்றவருக்குக் காய்கறி. சாப்பாடு கெட்டிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கலங்கிவிடக் கூடாதே என்று யாரோ ஒரு புண்ணியவான் போட்டு வைத்த விதி. மூத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இருப்பது இளையவருக்கு. பதினொரு வருடமாக நான் மிச்சத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. பாதி நாள் மிச்சம்தான் நன்றாக இருக்கும்.

தண்ணீருக்கு நன்றி. சிரித்துக்கொண்டே பேசுகிறேனே என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பறப்பதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சொல்லிவிட்டாள், "என்னைப் பாக்கறப்ப வராத சிரிப்பு உங்களுக்கு எஞ்சின் சத்தம் கேட்டா வருது" என்று. நான் மறுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் முதன்முறையாகத் தனியாகப் பறந்தேன். இரண்டு பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானம். பயிற்சியாளர் பாதியில் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். "ஒரு சுத்து சுத்திட்டு வா, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் மேலே போனேன். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. தொண்டை கிழியப் பாடினேன், ஐயா. எனக்குப் பாட்டே வராது. ஆறு நிமிடம்தான். இறங்கிய பிறகு இரண்டு நாள் என் கால் தரையில் பாவவில்லை. அந்த ஆறு நிமிடத்தைத்தான் அதற்கப்புறம் வாழ்க்கை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் ஏணி ஏறுகிற வேலை. வானிலை, வழி கணிப்பு, வான்சட்டம் என்று பரீட்சைக்கு மேல் பரீட்சை. ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்து முடித்தால் பெரிய உரிமம் கிடைக்கும், அதாவது பயணிகள் விமானத்துக்குத் தலைமை தாங்கலாம் என்கிற உரிமம். அது கைக்கு வந்த அன்று தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன். ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் கேப்டன் ஆகிவிட முடியாது. கம்பெனி தேர்வு வைக்கும். மூத்த கேப்டன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து நாள் பார்ப்பார். தேறினால் தோளில் இருக்கும் மூன்று கோடு நான்காகும். வலது இருக்கையிலிருந்து இடது இருக்கைக்கு மாறலாம். நான் இரண்டு தடவை தோற்றேன்.

இரண்டு தடவையும் எனக்குத் தேர்வு வைத்தவர் ஒருவரே. அவரை நாங்கள் 'நிதானம்' என்றுதான் சொல்வோம். அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். கோபமே வராத மனிதர். எஞ்சினில் பறவை மோதிய அன்றுகூட, "நிதானமா பாப்பா, ஒண்ணும் அவசரம் இல்லை" என்று பக்கத்து இருக்கையில் இருந்த பெண் விமானியிடம் சொன்னாராம். என்னைப் பற்றி இரண்டாவது தடவை எழுதிய குறிப்பு எனக்கு மனப்பாடம். 'இவருடைய கைப்பழக்கம் அபாரம். விமானம் இவர் சொன்னபடி கேட்கிறது. ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இவர் விமானத்தைப் பார்ப்பதில்லை. தன்னை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்கிறார்.' அவ்வளவுதான். கீழே கையெழுத்து, தேதி. மூன்றாவது வாய்ப்பு வேண்டுமென்றால் அவரே பரிந்துரைத்துக் கடிதம் தர வேண்டும். இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை மூன்று கோடுதான்.

வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, அதுதான் வேடிக்கை. என் மைத்துனன் ஒருவன் இருக்கிறான், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். குடும்பமே கூடியிருந்த ஒரு சாப்பாட்டு மேஜையில் கேட்டான்:

"மாமா, பஸ்ஸுல டிரைவர் இருப்பாரு, கண்டக்டர் இருப்பாரு. இதுல நீங்க யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். என் ஏழு வயது மகள் மட்டும் சிரிக்காமல், "அப்பா பஸ் ஓட்டலை, பிளேன் ஓட்டறாரு" என்றாள். அவன் விடவில்லை. "ஓட்டறாரா, ஓட்டறவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரா?" என்றான். மறுபடி சிரிப்பு. அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன். நான் கெட்டவன் இல்லை, ஐயா, அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு ஒரு தீங்கும் நினைக்கவில்லை. தரையிறங்கும் நேரத்தில் அவர் கழிவறையில் இருக்க வேண்டும், நான் விமானி அறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஒரு கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு துணை விமானி தனியாளாக விமானத்தை இறக்கினான் என்றால் அதற்கப்புறம் கடிதம் எதற்கு? நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைக்காரர் பேதி மருந்தைக் கொடுத்து, "பெரியவங்களுக்கு ரெண்டு மூடி போதும் சார், ரெண்டரை மணி நேரத்துல வேலை செய்யும்" என்றார். எனக்கு எதையும் அளந்து கொடுத்துப் பழக்கமில்லை. முழுப் புட்டியும் எடுத்துக்கொண்டேன்.

அன்று காலை அருமையான வானிலை. மேகம் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நான்கு மணி நேரப் பயணம், நூற்று அறுபத்தெட்டுப் பயணிகள், போய்ச் சேரும் இடம் எங்கள் சொந்த ஊர். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது வழக்கமாக இளையவர் வேலை. நிதானம் அதை யாருக்கும் விட மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி, சக்கரம் சக்கரமாகக் குனிந்து பார்ப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தேன். அவர் எப்போதும் எடுக்கும் காய்கறிப் பெட்டியில் ஒரு கிண்ணம் கஸ்டர்டு இருந்தது. அவருக்கு அது உயிர். மருந்தும் இனிப்பு, கஸ்டர்டும் இனிப்பு. புட்டியைக் கவிழ்த்து நன்றாகக் கலக்கி, மூடியை முன்பு இருந்தபடியே ஒட்டி வைத்தேன். விரலில் பட்டதைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பின்னால் பெரியக்கா.

பெரியக்கா என்பது பணிப்பெண்களுக்குத் தலைவி. எல்லோருக்கும் அவள் பெரியக்கா, நாங்கள் எல்லோரும் அவளுக்குத் தம்பி, தங்கை.

"என்ன தம்பி, வானத்துக்குப் போறதுக்கு முன்னாடியே பசியா?"

"வாசனை இழுக்குதுக்கா" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். எனக்கு உள்ளே குதூகலம் பொங்கியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் பசை தடவியவனுக்கு மணி அடிக்கும்வரை இருக்குமே, அது மாதிரி.

மேலே போய் நிலைப்பட்ட பிறகு பெட்டிகள் வந்தன. நிதானம் இரண்டையும் பார்த்தார். "இன்னைக்குக் கோழி சாப்பிட்டுப் பாக்கலாமா?" என்றார். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"ரொம்பக் காரம் சார். போன வாரம் நான் சாப்பிட்டு அவஸ்தைப்பட்டேன்."

"அப்படியா? அப்ப வேண்டாம்பா." காய்கறியை எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு முடித்தார். கஸ்டர்டுக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவர் திறக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கு இறக்கறது நீ. எந்தப் பக்கமா வரணும், எப்ப இறங்கணும், எல்லாம் உன் முடிவு. கேப்டன் நீதான்னு நினைச்சுக்கோ. நான் வாயே தெறக்க மாட்டேன். நல்லா வந்துச்சுன்னா நாளைக்குக் கடிதம் எழுதித் தரேன்."

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஐயா. கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கலாம். கை பட்டுக் கொட்டியது போலச் செய்திருக்கலாம். எனக்கும் தோன்றியது. மூன்று வருடமாக நான் கேட்டதை அவர் தாமாகவே தருகிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் எவ்வளவு நன்றாக இறக்கினாலும் அது அவர் பார்க்க இறக்கியதுதான். நாளைக்கு மைத்துனன் கேட்டால், "அவர் பக்கத்தில் இருந்தார்" என்றுதானே நான் சொல்ல வேண்டும்?

கிண்ணத்தின் மூடி ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவருக்கு நகம் ஒட்ட வெட்டும் பழக்கம்.

"குடுங்க சார்" என்று வாங்கி, நானே மூடியை உரித்துக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி சார்" என்றும் சொன்னேன். உண்மையிலேயே எனக்கு நன்றியாக இருந்தது. அவர் கடைசிச் சொட்டுவரை வழித்துச் சாப்பிட்டார்.

கடைக்காரர் சொன்ன கணக்குப் பிசகவில்லை. இரண்டரை மணி நேரத்தில் அவர் முகம் மாறியது. எழுந்து போனார். விமானிகளில் ஒருவர் வெளியே போனால் பணியாளர் ஒருவர் உள்ளே வந்து உட்கார வேண்டும். பெரியக்கா வந்து உட்கார்ந்தாள். அவர் திரும்பி வந்தார், மறுபடி போனார். இரண்டாவது தடவை வந்தபோது உதடு வெளுத்திருந்தது. "வயசாகுதுப்பா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது. மூன்றாவது தடவை போனவர் வரவில்லை. உள் தொலைபேசி அடித்தது. இளைய பணிப்பெண் ஒருத்தியின் குரல், அழுகையும் பேச்சுமாக. கழிவறையில் மயங்கி விழுந்திருக்கிறார், கை கழுவும் தொட்டியின் விளிம்பில் தலை மோதியிருக்கிறது, கண் திறக்கவில்லை. பெரியக்கா வெளியே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

அந்த நிமிடத்தை நான் எப்படி உங்களுக்குச் சொல்வேன், ஐயா? உச்சி குளிர்ந்தது என்பார்களே, அதை நான் அன்றுதான் அனுபவித்தேன். பெல்ட்டைக் கழற்றினேன். வலது இருக்கையிலிருந்து எழுந்தேன். இடது இருக்கையில் போய் உட்கார்ந்தேன். நடுவில் பத்துப் பதினைந்து நொடி இரண்டு இருக்கையும் காலி. நூற்று அறுபத்தெட்டுப் பேரும் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருக்கையில் அவர் உடம்புச் சூடு இன்னும் இருந்தது. அதை என் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஆபத்து அறிவிப்புக் கொடுத்தேன். குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை, ஒலிப்பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள். வானத்தில் பேசிக்கொண்டிருந்த அத்தனை விமானங்களும் எனக்காக வாயை மூடிக்கொண்டன. கட்டுப்பாட்டுக்காரர் சொன்னார், வலது பக்கம் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, ஓடுபாதை காலி, ஆம்புலன்ஸ் நிற்கிறது. அப்போது பெரியக்காவும் தொலைபேசியில் வந்தாள்.

"தம்பி, பயணிகள்ல ஒரு டாக்டர் இருக்காரு. பல் டாக்டர்தான், ஆனாலும் பாத்துட்டாரு. தலைக்குள்ள ரத்தம் கசியுதாம். ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாதுன்னு சொல்றாரு. பக்கத்துல எங்க இருக்கோ அங்க இறக்கிடு."

"நேரா நம்ம ஊருக்குத்தான் போறோம்க்கா."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தி மூணு நிமிஷம்."

"அவ்வளவு நேரமா? யாரு முடிவு பண்ணது?"

"கேப்டன்" என்றேன். எனக்கே கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

காரணம் கேட்டீர்கள் என்றால் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, நீளமான ஓடுபாதை, எனக்குப் பழகிய இறங்குபாதை. இதையேதான் கட்டுப்பாட்டு அறையிடமும் சொன்னேன், அவர்கள் மறுத்துப் பேசவில்லை. அந்தச் சின்ன ஊரில் ஆஸ்பத்திரி இல்லாமல் இல்லை. விமான நிலையத்து வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. அது என் மனைவியின் ஊர். என் மகள் பிறந்ததே அந்த ஆஸ்பத்திரியில்தான். நல்ல டாக்டர்கள். ஆனால் விமான நிலையத்தில் ஒரு கொட்டகையும் நாலு ஆளும்தான். எங்கள் ஊரில் என்றால், கம்பெனியின் விமானிகள் எல்லோருக்கும் மேலதிகாரியான தலைமை விமானியின் அறை ஜன்னலிலிருந்து ஓடுபாதை முழுதும் தெரியும்.

பயணிகளிடம் பேசினேன். "உங்கள் கேப்டன் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தேன். வானிலை சொன்னேன், வெளியே வெப்பநிலை சொன்னேன். இடது பக்கம் தெரியும் ஏரியைக்கூடக் காட்டினேன். அதற்கப்புறம் பாடினேன், ஐயா. பத்தொன்பது வயதில் பாடிய அதே பாட்டு. ஒலிப்பதிவில் இரைச்சல் என்று நீங்கள் குறித்திருப்பது அதைத்தான்.

தரைதொடப் பதினொரு நிமிடம் இருக்கும்போது பெரியக்கா மறுபடி அழைத்தாள்.

"தம்பி... சார் போயிட்டாரு."

"சரிக்கா. எல்லாரும் பெல்ட் போட்டிருக்காங்களான்னு ஒரு தடவை பாத்துடுங்க."

முடிவெடுக்கத் தெரியாது என்று அவர் எழுதியிருந்தாரே, இருந்து பார்த்திருக்க வேண்டும் என்றுதான் வருத்தமாக இருந்தது. சக்கரம் தரையைத் தொட்டது பின்னால் பல பேருக்குத் தெரியவே இல்லை. கைதட்டினார்கள். இறங்கிப் போகும்போது ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியக்கா தரையில் உட்கார்ந்து நிதானத்தின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மிதித்துவிடாமல் பார்த்துப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விசாரணை நடந்தது. வயிற்றுக்கு ஒவ்வாத உணவு என்று முடிவானது. கஸ்டர்டு ஊற்றிய பெண்ணைச் சமையற்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்களாம். பாவம், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. முடிந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கவில்லை என்று நீங்கள் துருவ ஆரம்பித்தபோது எனக்கு உள்ளபடியே சந்தோஷம். பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் என்னைக் கூப்பிடும் முன்பே பெரியக்காவைக் கூப்பிட்டுவிட்டீர்கள். வெளியே வந்தவள் நடைபாதையில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"மயக்கத்துலயும் சார்தான் சொன்னாரு, நம்ம ஊருக்கே கொண்டு போகச் சொல்லுன்னு சொன்னாரு, அப்படின்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் அதையே சொல்லு. பயத்துல தப்பு பண்ணிட்டே, பரவாயில்லை விடு. உனக்கு ஒரு பொண்ணு இருக்கு தம்பி."

அவள் கண் சிவந்திருந்தது. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். வாழ்க்கையில் எனக்கு யார் மேலும் அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. பயமா? எனக்கா? இருந்தாலும் அன்று அவள் சொன்னதையே சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

கம்பெனி விழா எடுத்தது. தலைமை விமானி என் தோளைத் தட்டி, அடுத்த மாதமே மூன்றாவது வாய்ப்பு, கடிதம் எதுவும் வேண்டாம் என்றார். பேசாமல் இருந்துவிட்டால் சீக்கிரமே எனக்கு நாலு கோடு. கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். என் மாமனார் அதைக் கூடத்தில் மாட்டினார். அன்றும் குடும்பமே கூடியிருந்தது. மைத்துனன் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்க உரக்கப் படித்தான்: 'தம் கேப்டனின் இறுதி உத்தரவைப் பிசகாமல் நிறைவேற்றிய துணை விமானிக்கு.' இந்தத் தடவை அவன் கேலி செய்யவில்லை. அவன் கண்கூடக் கலங்கியிருந்தது. "பெருமையா இருக்கு மாமா" என்று என்னைக் கட்டிக்கொண்டான். கேலியே செய்திருக்கலாம்.

மூன்று நாள் யோசித்தேன். மனைவியிடம் சொல்லவில்லை, வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறாள், ஏதோ கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இங்கே வருவது என்று முடிவெடுத்தவுடனே மனது லேசாகிவிட்டது. காலையில் சவரம் செய்யும்போது விசில்கூட அடித்தேன்.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். மருந்து வாங்கியது நான். கலந்தது நான். மூடியை உரித்துக் கொடுத்தது நான். பன்னிரண்டு நிமிடத்தில் இறக்கக்கூடிய விமானத்தை நாற்பத்து மூன்று நிமிடம் ஓட்டியது நான். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் பக்கத்தில் இல்லை. தண்டனை எதுவாக இருந்தாலும் சரி, வக்கீல் வேண்டாம்.

அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்து கொடுத்துவிட்டால் போதும். முப்பத்தோராம் பக்கத்தில், கேப்டன் நடுவானில் இறந்தார் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு, ஐயா. இறந்தவர் பயணி. கேப்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை, உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.